வாலோடு சேர்த்தா?

ஜூன் 4, இரவு

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் சுண்டெலி எழுதுவது. நான் நலம். நீங்களும் உங்கள் வீட்டுப் பாம்புகளும் நலமா? என் அரணை மறதியும் இதுவரை நலம்தான். இனிமேலும் நலமாக இருக்குமா என்ற பயத்தில்தான் இந்தக் கடிதம்.

உங்களுக்கு எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால் அவ்வளவுதான். எல்லாரும் தூங்கின பிறகு மறதியின் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் குப்புறப் படுத்து, அதன் சூடு விளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். பதிலை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். கீழே தையல் கடை வைத்திருக்கும் அக்காவின் முகவரியை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். "என்னடி, காதல் கடிதமா?" என்று கண்ணடித்தாள். அத்தை கடிதம் என்றதும் அவள் முகம் சப்பென்று ஆகிவிட்டது.

ஊர்வன வளர்ப்புச் சட்டம் வந்துவிட்டதாமே. செய்தித்தாளில் போட்டிருந்ததை அப்பா சத்தமாகப் படித்தார். பாம்பு என்றால் எந்தப் பாம்பானாலும் அனுமதி வாங்க வேண்டும். பல்லி, ஓணான், அரணை வகை என்றால் ஐம்பது சென்டிமீட்டர் வரைக்கும் ஒன்றும் வேண்டாம். அதற்கு மேல் போனால் அனுமதி வேண்டும், அனுமதிக்குச் சொந்த வீடும் தனி அறையும் வேண்டும். இல்லாதவர்கள் ஒப்படைப்பு மையத்தில் கொண்டுபோய் விட வேண்டும். நமக்கு ஏது சொந்த வீடு?

படித்து முடித்ததும் அப்பா எழுந்துபோய்த் தன் பட்டறைப் பையிலிருந்து டேப்பை எடுத்து வந்தார். மறதியைச் சாப்பாட்டு மேசையில் நீட்டிப் படுக்கவைத்தோம். அது வழக்கம்போல என்னையே மறந்துபோய், நீல நாக்கை நீட்டி "ஸ்ஸ்" என்று சீறியது. (நல்ல பெயர்தான் வைத்தீர்கள், அத்தை. ஆறாம் வகுப்பில் நீங்கள் அதை என் மடியில் வைத்த நாளிலிருந்து தினமும் காலையில் என்னை எதிரி என்றுதான் நினைக்கிறது. முட்டை கொடுத்த பிறகுதான் உறவு.) மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரைக்கும் நாற்பத்தாறு.

"இன்னும் நாலு இருக்கு. மாசாமாசம் அளப்பேன். அம்பதைத் தாண்டின அன்னைக்கே கொண்டுபோய் ஒப்படைச்சிடுவேன். அழக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்" என்றார் அப்பா.

அத்தை, எனக்கு ஒரே ஒரு கேள்வி. அந்த ஐம்பது வாலோடு சேர்த்தா, வால் இல்லாமலா? சட்டத்தில் நீளம் என்று மட்டும்தான் இருக்கிறது. வால் கணக்கில் வராது என்றால் மறதி என்றைக்குமே ஐம்பதைத் தொடாது. அப்பாவிடம் கேட்டேன். "மரம்னா இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும்தானே அளப்போம்? வாலை எங்க கொண்டுபோய் வைக்கிறது?" என்கிறார். தச்சர் வேறு எப்படிச் சொல்வார்! சட்டத்தைக் கவனிக்கும் வாரியத்தில் போய்க் கேட்கலாம் என்றால், "நம்ம வீட்டுல ஒண்ணு இருக்குன்னு நாமளே போய்ச் சொல்லணுமா?" என்று பயப்படுகிறார்.

நீங்கள் ஊர்வன வளர்ப்போர் சங்கத் தலைவி. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. உடனே எழுதுங்கள்.

உங்கள்
சுண்டெலி


ஜூன் 17

என் செல்ல மருமகளே, சுண்டெலியே,

உன் கடிதம் பார்த்துத் துள்ளிக் குதித்தேன். குதித்த வேகத்தில் தோளில் கிடந்த பாம்பு மிரண்டு புத்தக அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது. வெளியே எடுக்க அரைநாள் ஆனது. எல்லாம் உன்னால்தான்.

எவ்வளவு பெரிய பெண்ணாகிவிட்டாய்! வரிக்கு வரி உன் அப்பாவின் பிடிவாதம். அவன் இன்னும் என் பெயரைச் சொல்லாமல் "அந்தப் பாம்புக்காரி" என்றுதான் சொல்கிறானா? சொல்லட்டும். தம்பிதானே.

இங்கே எனக்கு மூச்சு விட நேரமில்லை. கையெழுத்து வாங்குகிறோம், வக்கீலைப் பார்க்கிறோம், வாரியத்தின் படிகளில் ஏறி இறங்கியே முழங்கால் போய்விட்டது. நேற்று ஓர் அதிகாரி என்னிடம், "அம்மா, இந்த வயசுல வீட்டுல ஒரு பூனை வளர்க்கக் கூடாதா?" என்கிறார். "பூனை கடிச்சு வருஷத்துக்கு எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்குப் போறாங்க, என் பாம்பு கடிச்சு எத்தனை பேர் போனாங்க, கணக்கு எடுங்க" என்றேன். தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

உன்னிடம் நான் சொல்வது ஒன்றுதான். அப்பா டேப்பை எடுத்தால் பெட்டியைத் திறக்காதே. அளப்பது என்றாலே அந்தச் சட்டத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். உயிரைப் பலகை மாதிரி அளக்காதே என்பதுதான் நம் கோரிக்கையே. நம்மவர்களே டேப்போடு நின்றால் நான் அங்கே போய் என்ன பேசுவது?

அத்தைக்கு ஓர் உதவி செய். இந்தச் சட்டத்தைப் பற்றி வாரியத்தில் பொது விசாரணை வரப்போகிறது. நீ உன் மறதியைப் பற்றி ஒரு கடிதம் எழுதி அனுப்பு. நாங்கள் நூறு பேர் கத்துவதைவிட ஒரு பிள்ளையின் கடிதம் அவர்களைத் தைக்கும். உன் பெயர் வராது.

முத்தங்களுடன்,
உன் பாம்பு அத்தை


ஜூலை 8, இரவு

அன்புள்ள அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. திரும்பத் திரும்பப் படித்தேன். பாம்பு அலமாரிக்குப் பின்னால் போனது இருக்கிறது, பூனை இருக்கிறது, அதிகாரியின் தேநீர்கூட இருக்கிறது. நான் கேட்டதற்குப் பதில் மட்டும் இல்லை.

பெட்டியைத் திறக்காதே என்கிறீர்கள். அது அப்பா செய்த பெட்டி, அத்தை. கீல் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? நேற்று அளந்தார். நாற்பத்தெட்டு. டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அப்பாவின் மேல் கோபப்படாதீர்கள். பழைய வீட்டை நினைத்துத்தான் பயப்படுகிறார். நீங்கள் கழுத்தில் பாம்போடு பத்திரிகைக்காரர்களைக் கூட்டி வந்து, 'சாதாரணக் குடும்பத்தில் ஒரு விருந்தாளி' என்று நம் மாடிப்படியில் நின்று படம் எடுத்துக்கொண்டீர்கள். அந்தப் படத்தில் நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். படம் வந்த வாரமே வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். எனக்குப் பள்ளிக்கூடம் மாறியது. அம்மா இன்றைக்கும் யாராவது கதவைத் தட்டினால், "வீட்டுக்காரங்களா பாரு" என்றுதான் கேட்கிறாள்.

இப்போது நான் எழுதுவது போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில். மறதியின் விளக்கை இரவில் அணைத்து வைக்கிறேன். காரணம் கேட்காதீர்கள். எனக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கிறது. பலித்தால் சொல்கிறேன்.

அதுவரைக்கும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. வாலோடு சேர்த்தா, இல்லையா? உங்களுக்கும் தெரியாது என்றால் தெரியாது என்றாவது எழுதுங்கள்.

உங்கள்
சுண்டெலி


ஜூலை 22

என் கண்ணே,

நிதானமாக எழுத முடியவில்லை. விசாரணையைத் தள்ளி வைத்துவிட்டார்கள். ஆகஸ்ட் முப்பது என்கிறார்கள். வக்கீல் "பொறுங்க, பொறுங்க" என்கிறார். பொறுத்துப் பொறுத்துத்தான் என் தலை நரைத்தது.

பழைய வீட்டு விஷயத்தை எழுதியிருந்தாய். அந்தப் படம் வந்த பிறகுதான் சங்கத்தில் ஆட்கள் சேர்ந்தார்கள் என்பதும் உண்மை. ஒருநாள் உனக்குப் புரியும்.

சங்கத்தின் நிலைமையைச் சொல்கிறேன், கேள். நம்மில் முக்கால்வாசிப் பேர் பல்லியும் அரணையும் வளர்க்கிறவர்கள். பாம்புக்காரர்கள் கொஞ்சம் பேர்தான். நம் டிரைவர் மாமாவை நினைவிருக்கிறதா, உனக்கு மிட்டாய் வாங்கித் தருவாரே? ஒண்டிக்கட்டை. லாரியை விட்டு இறங்கினால் அவருக்குப் பேச்சுத் துணை அந்தக் கிழட்டுப் பாம்புதான். வாடகை அறையில் இருக்கிறார். சட்டம் இப்படியே நின்றால் முதலில் அவர் பாம்புதான் போகும். பல்லிக்காரர்கள் தங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்தால் மறுநாளே கழன்றுகொள்வார்கள். அப்புறம் அவருக்காக யார் நிற்பார்கள்? எல்லாரும் ஒரே படகில் இருந்தால்தான் துடுப்பு போடுவார்கள்.

அதனால் வால் விஷயத்தை யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்காதே. வாரியத்துக்கெல்லாம் எழுதிவிடாதே. விசாரணை முடியட்டும்.

உன் கடிதம் எங்கே? அத்தை காத்திருக்கிறேன்.

உன் பாம்பு அத்தை


ஆகஸ்ட் 9, இரவு

அத்தைக்கு,

நீங்கள் கேட்ட கடிதத்தைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் மறதியை எப்படிப் பார்த்துக்கொள்கிறேன் என்று நடந்ததை அப்படியே எழுதினேன்.

என் யோசனை பலித்துவிட்டது, அத்தை! இந்த மாதமும் அதே நாற்பத்தெட்டு. அப்பா நம்பாமல் மறுபடியும் அளந்தார். "என்னடா இது, வளர்ச்சி நின்னுபோச்சா?" என்று கேட்டு, முதல் தடவையாகச் சிரித்தார்.

பாதிச் சாப்பாடுதான் கொடுக்கிறேன். முட்டையும் நத்தையும் நிறுத்திவிட்டேன், கீரை மட்டும். விளக்கை இரவில் அணைத்து வைத்தேன் இல்லையா, இப்போது பகலிலும் நான் பள்ளிக்கூடம் போகும்போது அணைத்துவிடுகிறேன். குளிர்ந்தால் வளராது என்று எனக்குத் தோன்றியது. அது சரிதான் போல. ஐம்பதுக்குள்ளேயே நிறுத்திவிட்டால் யாரும் கொண்டுபோக முடியாது.

ஆனால் வால் மெலிந்துகொண்டு வருகிறது. முன்னே கொழுகொழு என்று இருக்கும், இப்போது எலும்பு தட்டுகிறது. கீரையும் அப்படியே கிடக்கிறது. நாலைந்து நாளாகக் காலையில் என்னைப் பார்த்துச் சீறுவதில்லை. என்னை நினைவு வைத்துக்கொள்ளப் பழகிவிட்டதா, அத்தை? அப்படித்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் விளக்கை அணைத்துவிட்டு வாசல் வரை போய், மறுபடியும் திரும்பி வந்து பார்க்கிறேன்.

நான் செய்வது சரியா? யாரிடமும் கேட்காதே என்றீர்கள். அப்படியென்றால் உங்களிடம்தானே கேட்க முடியும்?

சுண்டெலி


ஆகஸ்ட் 16

சுண்டெலி,

இதைப் படித்ததும் முதல் வேலையாக விளக்கைப் போடு. இரவு பகல் எரியட்டும். சூடு இல்லாமல் அதற்குத் தின்றது செரிக்காது. முதலில் தண்ணீர் காட்டு, உடம்பு சூடேறின பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முட்டை. எழுந்திருக்கவில்லை என்றால் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோ. அப்பாவிடம் சொல்ல வேண்டியிருந்தால் சொல். பைத்தியக்காரப் பெண்ணே, இப்படியா செய்வார்கள்?

உன் கடிதத்தைச் செயற்குழுவில் வாசித்தேன். வாசித்து முடித்ததும் டிரைவர் மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். முப்பதாம் தேதி கடைசிப் பேச்சாக இதைத்தான் வாசிக்கப் போகிறேன். ஒரு சட்டம் ஒரு குழந்தையை என்ன செய்யவைத்திருக்கிறது பாருங்கள் என்று கேட்கப் போகிறேன். இதற்குப் பதில் சொல்ல அவர்களால் முடியாது. பெயரையும் தச்சர் என்ற வார்த்தையையும் எடுத்துவிட்டேன். பயப்படாதே.

வால் விஷயத்தை நேரில் வரும்போது சொல்கிறேன். கொஞ்சம் பொறு.

அத்தை


ஆகஸ்ட் 24, பகல்

அனுப்புநர்:
அரணை வளர்க்கும் ஒரு மாணவி,
தையல் கடை மாடி.

பெறுநர்:
தலைவி அவர்கள்,
ஊர்வன வளர்ப்போர் சங்கம்.

பொருள்: என் கடிதத்தைத் திரும்பக் கேட்டல்.

மதிப்பிற்குரிய அம்மா,

அலுவலகக் கடிதம் எழுத எங்கள் பள்ளியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். அத்தைக்கு எழுதினால் பதில் வருவதில்லை. சங்கத்துக்கு எழுதினால் வருமா என்று பார்க்கிறேன். இதைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா எதிரில்தான் இருக்கிறார்.

தங்கள் 16ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. அது வருவதற்கு முன்பே, 17ஆம் தேதி காலையில், மறதி எழுந்திருக்கவில்லை. தூக்கினால் துணி மாதிரி தொங்கியது. நான் போட்ட கூச்சலில் அம்மாகூட அறைக்குள் வந்துவிட்டாள். பல்லி என்றாலே வாசலைத் தாண்டாதவள், மறதியைத் தன் முந்தானையில் வாங்கிக்கொண்டாள். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பாடு, விளக்கு, கடிதங்கள், தையல் அக்கா, எல்லாம். அடிப்பார் என்று நினைத்தேன். "டேப்பை எடுத்தது நான். அதுக்கு நீ என்ன பண்ணுவே?" என்றார்.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் அதைச் சூட்டில் வைத்து, ஊசி போட்டு, குழாயில் உணவு கொடுத்தார். பிழைக்குமா என்று கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினார். அப்பா அங்கிருந்து நேராக என்னைக் கூட்டிக்கொண்டு வாரியத்துக்குப் போனார். "இனிமே மாட்டிக்கிட்டா மாட்டிக்கிட்டுப் போறோம், வா" என்றார். பையில் டேப் வேறு.

கவுண்டரில் ஒரு கண்ணாடிக்கார அம்மா இருந்தார். அப்பா, "அரணைக்கு அம்பதுங்கிறது வாலோடவா, வால் இல்லாமலா?" என்று கேட்டார். அந்த அம்மா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "வால் சேராதுங்க. மூக்குல இருந்து வாலடியில இருக்கிற பின்துளை வரைக்கும்தான். வால் அறுந்து அறுந்து வளருதே, அதை எப்படி அளக்கிறது?"

"இதை எங்கயாவது எழுதிப் போட்டிருக்கக் கூடாதா?" என்றார் அப்பா.

"மே மாசமே உங்க சங்கத்து அம்மா வந்து கேட்டுட்டுப் போனாங்களே. அவங்க எல்லார்கிட்டயும் சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சோம். சொல்லலையா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "சரிங்க, பலகையில ஒரு சீட்டு ஒட்டிடுறேன்" என்று அந்த அம்மா சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மே மாதம். நான் முதலில் எழுதியது ஜூன் மாதம்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து அளந்தோம். மூக்கிலிருந்து பின்துளை வரை முப்பது. இவ்வளவுதான், அம்மா. இந்த முப்பதுக்காகத்தான் நான் விளக்கை அணைத்தேன்.

டிரைவர் மாமா பாவம்தான். அது எனக்கும் புரிகிறது. நீங்கள் கேட்டிருந்தால் அவருக்காக நான் அழுது அழுது எழுதியிருப்பேன், பல்லிக்காரர்கள் எல்லாரும் போனாலும் எழுதியிருப்பேன். ஆனால் நீங்கள் என்னைக் கேட்கவில்லை. என்னைப் படகிலேயே வைத்துக்கொள்ள, ஓட்டை இல்லாத படகில் ஓட்டை இருக்கிறது என்று நம்பவிட்டீர்கள். சட்டம் ஒரு குழந்தையை என்ன செய்யவைத்தது என்று விசாரணையில் கேட்கப் போகிறீர்களாம். சட்டத்தில் வால் இல்லையே, அம்மா. அப்புறம் செய்யவைத்தது யார்?

நேற்று டாக்டர் மறதியின் வாயைத் திறக்கப் போனபோது அது திடீரென்று நீல நாக்கை முழுசாக நீட்டி, ஆஸ்பத்திரியே கேட்கிற மாதிரி சீறியது. அப்பா சிரித்துவிட்டார். "கோபம் இன்னும் இருக்கு. பொழச்சிக்கும்" என்றார். டாக்டர் மட்டும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

என் கடிதத்தை விசாரணையில் வாசிக்க எனக்குச் சம்மதம் இல்லை. அதைத் திருப்பி அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். வாசிப்பீர்களா, மாட்டீர்களா? இந்தத் தடவையாவது கேட்டதற்கு மட்டும் பதில் எழுதவும். வீட்டு முகவரிக்கே எழுதலாம். ஒளிக்க இனி ஒன்றும் இல்லை.

அப்பா உங்களுக்கு ஒன்று எழுதச் சொன்னார்: "வரணும்னா வரச் சொல்லு, பாம்பை வீட்டுல விட்டுட்டு." அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். நான் உங்களை வரச் சொல்லவில்லை.

தங்கள் உண்மையுள்ள,
அரணை வளர்க்கும் மாணவி


ஆகஸ்ட் 31

மருமகளுக்கு,

வாசிக்கவில்லை. உன் கடிதம் இத்துடன் இருக்கிறது. பிரதி எதுவும் என்னிடம் இல்லை.

வாரியத்தின் பலகையில் சீட்டு ஒட்டியிருந்தது. விசாரணைக்குப் பல்லிக்காரர்கள் ஒருவரும் வரவில்லை. நானும் டிரைவர் மாமாவும் இன்னும் ஐந்தாறு பேரும்தான். நான் பேசினேன். அவர்கள் குறித்துக்கொண்டார்கள். டிரைவர் மாமா வருகிற வழியில், "அந்தப் பிள்ளையோட அரணை எப்படி இருக்காம்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டியிருந்தது.

நீ ஜூன் மாதம் கேட்டதற்குப் பதில்: வால் சேராது.

அத்தை